அடக்கிப் பாடிய காலமும் அடக்கிப் பதியும் காலமும்

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையை லேசாகப் பின்னுக்கு இழுப்பார்கள். அடிக்குரலுக்கு இறங்கும்போது மைக்கை நெருங்கி வருவார்கள். மைக்கைப் பழகிய பழைய பின்னணிப் பாடகர்களிடம் இந்த அசைவைப் பார்க்கலாம். மேடைப் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், வெட்டவெளிக் கணக்குப்படி ஒலி 6 டெசிபல் இறங்கும். ஒரு சாணை இரண்டு சாணாக்கினாலே, எகிறும் ஒலியைத் தானாக அடக்கும் கம்ப்ரஸர் என்ற கருவி செய்யும் வேலையில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரல் வைத்திருந்த ஒலிப்பதிவாளருடையது. ஒத்திகையிலேயே பாட்டின் போக்கைப் பிடித்துக்கொண்டு, குரல் எகிறப்போகும் இடத்துக்கு ஒரு கணம் முன்பே அவர் ஃபேடரை இறக்கியிருப்பார்.

அப்படி அடக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் டேப். அதற்குள் அடங்கக்கூடிய ஒலி வீச்சு சுமார் 60, 70 டெசிபல்தான். மெதுவாகப் பாடினால் குரல் இரைச்சலில் மூழ்கும். ஓங்கிப் பாடினால் உடையும். வாத்தியக் கோஷ்டியும் பாடகரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் பதிந்த நாட்களில், ஒரு சொல் உடைந்தாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான்.

விரலின் வேலையை எடுத்துக்கொள்ளக் கம்ப்ரஸர் கருவிகள் வந்தன. 1950களின் கடைசியில் வந்த ஃபேர்சைல்ட் 670இல் 20 வால்வுகள். எடை ஏறக்குறைய 30 கிலோ. 1960களில் வந்த எல்.ஏ-2ஏயில் முக்கியமான குமிழ்கள் இரண்டே இரண்டு. குரல் ஏறினால் உள்ளே ஒரு சிறு தகடு ஒளிரும். அந்த வெளிச்சம் பட்டதும் பக்கத்தில் இருக்கும் ஒளியுணர் மின்தடை மாறி, ஒலி இறங்கும். வெளிச்சம் போன பிறகும் அந்த மின்தடை பழைய நிலைக்குத் திரும்பச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நிதானம் குரலுக்கு ஒத்துப்போனதால்தான் பாடகர்களின் குரலைப் பதிய அந்தப் பெட்டியை இன்றும் தேடுகிறார்கள். கருவி வந்தும் ஒன்று மாறவில்லை: அடக்கி டேப்பில் ஏற்றியதைப் பிறகு விரிக்க முடியாது. எவ்வளவு அடக்குவது என்பதைப் பாடும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

1992இல் ‘ரோஜா’வின் பாடல்கள் ஏ.ஆர்.ரகுமானின் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் உருவானபோது, வீட்டில் பாட்டுப் பதிவு என்பதே தமிழ் சினிமாவுக்குச் செய்தி. இன்று படுக்கையறையில் ஒரு கண்டென்ஸர் மைக், கையகல இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப் இருந்தால் போதும். எல்.ஏ-2ஏயின் மென்பொருள் நகல் ஒரு கிளிக்கில் திறக்கும். அதுவும் இல்லாதவருக்கு ஃபோனில் ஆப் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதியும்போதே அடக்க வேண்டிய காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 24 பிட் பதிவில் ஏட்டுக் கணக்குக்கு 144 டெசிபல் வீச்சு உண்டு; நடைமுறையில் நல்ல இன்டர்ஃபேஸ்களில் 110ஐத் தாண்டும். ஓங்கிப் பாடும் இடம் மீட்டரில் மைனஸ் 10 வாக்கில் நிற்கும்படி கெயினை வைத்தால் குரலும் உடையாது, இரைச்சலும் ஏறாது. அடக்குவதை ஆற அமரப் பிறகு செய்யலாம், பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். அந்தக் காலத்து ஒலிப்பதிவாளருக்குக் கிடைக்காத வசதி இது.

வீட்டில் முன்கூட்டி அடக்குவதால் வரும் தொல்லையைக் கணக்காகவே பார்க்கலாம். அடக்கத் தொடங்கும் எல்லையான த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 4:1 என்று வையுங்கள். பல்லவியில் குரல் மைனஸ் 8ஐத் தொடுகிறது. எல்லையைத் தாண்டிய 12 டெசிபல் 3 ஆகச் சுருங்கி, குரல் மைனஸ் 17இல் நிற்கும். குறைந்த 9 டெசிபலை ஈடுகட்ட மேக்கப் கெயினை ஏற்றுவோம். அப்போது வரிகளுக்கு நடுவே கேட்கும் மூச்சும், மின்விசிறி உறுமலும், அடுத்த வீட்டு மிக்ஸியும் அதே 9 டெசிபல் ஏறி வந்து உட்காரும். சத்தம் புகாத ஸ்டூடியோவில் இது பெரிதாகத் தெரியாது. நம் அறையில் குக்கர் விசிலும் பாட்டில் பங்கு கேட்கும்.

தமிழ் உச்சரிப்புக்கும் நம் பாட்டுமுறைக்கும் தனிக் கவனம் வேண்டும். கம்ப்ரஸர் அடக்கத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக்கை 1 மில்லி செகண்டுக்குக் குறைத்தால் சொல்லின் தலையில் வரும் ‘க’வும் ‘ப’வும் முனை மழுங்கிப்போகும், 10 முதல் 30 வரை விட்டால் அந்த முதல் தெறிப்பு தப்பிக்கும். அது பிடியை விட எடுக்கும் நேரமான ரிலீஸ் நீண்டுவிட்டால், ஓங்கிய கார்வைக்குப் பின் மெல்ல வரும் பிருகா கம்ப்ரஸரின் பிடியிலேயே நசுங்கும். ஸ்ருதிப்பெட்டியும் அதே மைக்கில் விழுந்தால், பாடகர் நிறுத்தும்போதெல்லாம் ஸ்ருதி பொங்கிப் பொங்கி அடங்கும். ஸ்ருதியை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுவதே மேல்.

கணினி ஒரு பழைய கலையையும் மீட்டுத் தந்திருக்கிறது. திரையில் வால்யூம் கோட்டைச் சொல் சொல்லாக ஏற்றி இறக்கலாம். அன்று ஃபேடரில் விரல் செய்த அதே வேலை, இன்று திருத்தவும் முடியும். அதை முடித்துவிட்டு 3:1இல் மென்மையாக அடக்கினால் போதும். பிறகு கம்ப்ரஸர் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒலி அளவைச் சமமாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தம் கூடியதை அழகு கூடியதாகக் காது எண்ணிக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாட்டுகளின் சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதால், சத்தத்துக்காக நசுக்குவதில் லாபமும் இல்லை.

இழந்தது பாடகரின் கழுத்தசைவைத்தான். கருவி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் மைக்கோடு ஒட்டி நின்றபடியே பாடி முடித்துவிடுகிறார்கள். கம்ப்ரஸருக்குச் சத்தம் தெரியும். எந்தச் சொல் எழ வேண்டும், எது அமுங்க வேண்டும் என்பது தெரியாது. அதைப் பாடும்போதே முடித்துவிட்டவருக்கு 3 டெசிபல் அடக்கினாலே போதும். முடிக்காதவருக்கு 12 டெசிபல் அடக்கினாலும் போதாது.