நிபா: கொடிய நோய்தான், ஆனால் காட்டுத்தீ அல்ல

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் போதும், வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பரிசோதனை தொடங்கிவிடும். கூடவே வாட்ஸ்அப்பில் வதந்திகளும் கிளம்பிவிடும். பழம் வாங்கலாமா, பேருந்தில் போகலாமா என்று மக்கள் பதறுவதில் தவறில்லை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கக்கூடும். உரிமம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால், ஒரு நோய் எவ்வளவு கொடியது என்பது வேறு, எவ்வளவு எளிதில் பரவும் என்பது வேறு.

வௌவாலிடமிருந்து மனிதருக்கு

1998-99இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் இந்நோய் முதன்முதலாகத் தலைகாட்டியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். பலன் இல்லை. மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், இது புதிய வைரஸ் என்று கண்டறிந்தார். அந்த வைரஸ் எடுக்கப்பட்ட நோயாளியின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தப் பரவலில் நூறு பேருக்கு மேல் இறந்தனர்.

கிருமியின் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். அதன் எச்சில், சிறுநீர் வழியாகக் கிருமி வெளியேறும். வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, இரவு முழுவதும் பானை கட்டிச் சாறு இறக்குவார்கள். மரம் சீவிய இடத்தை வௌவால் நக்குவது இரவுக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. விடியற்காலையில் அந்தச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பவர்களுக்கே ஆபத்து. காய்ச்சி வெல்லமாக்கினால் கிருமி மடிந்துவிடும்.

2018: கோழிக்கோடு சொன்ன பாடம்

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் ஓர் இளைஞர் காய்ச்சலில் இறந்தார். அவருடைய சகோதரரும் நோயில் விழுந்த பிறகுதான் நிபா என்று தெரிந்தது. அதற்குள் பலருக்குத் தொற்றிவிட்டது. எங்கே தொற்றியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சந்தையிலோ பேருந்திலோ அல்ல, பெரும்பாலும் மருத்துவமனைகளில். நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட உறவினர், ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைகூடத்தில் அருகே இருந்தவர்கள், சிகிச்சை தந்த ஊழியர்கள் என நோய் தொடர்ந்தது. 17 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர், பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி. இரண்டு சிறு குழந்தைகளின் தாய்.

நோயாளியின் எச்சில், இருமல் துளி, வாந்தி போன்றவை நேரடியாகப் படும் அளவுக்கு நெருங்கியிருந்தால்தான் நிபா ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். நோய் முற்றிய நிலையில் ஆபத்து அதிகம். பெரும்பாலான நோயாளிகள் வேறு எவருக்கும் பரப்புவதில்லை. கொரோனாவைப் போல இது நாடு நாடாகப் பரவாததற்குக் காரணம் இதுதான். 2023இல் கோழிக்கோட்டில் மீண்டும் வந்தபோது, தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தேடிக் கண்காணித்தார்கள். ஆறு பேரோடு நோய் நின்றது, இருவர் இறந்தனர்.

பழம் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள். மரத்தடியில் கிடப்பது, அணிலோ வௌவாலோ கடித்தது வேண்டாம்; கடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுத் தின்பதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். மூடாத கலயத்தில் இறக்கிய பதநீரிலும் இதே எச்சரிக்கை தேவை.

வௌவால் அடையும் மரத்தை வெட்டுவதும், வெடி போட்டு விரட்டுவதும் வீண் வேலை. கலைந்த கூட்டம் வேறு ஊருக்குப் போகும். மிரண்டு நலிந்த வௌவால்கள் கிருமியை அதிகமாக வெளியேற்றவும் கூடும். வௌவாலுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத சில தமிழ்நாட்டுக் கிராமங்கள் செய்வதே சரி.

எப்போது உஷாராக வேண்டும்?

காய்ச்சல், தலைவலி, வாந்தி எல்லாம் சாதாரணக் காய்ச்சலிலும் வரும். அவற்றோடு மூச்சுத்திணறலோ, பேச்சில் குழப்பமோ, நினைவு தடுமாற்றமோ, வலிப்போ சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் அறிகுறி தெரியும்.

நோய் பரவிய பகுதிக்குப் போய் வந்திருந்தாலோ, அங்கே நோயாளியைப் பார்த்திருந்தாலோ, அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனிமைப்படுத்துவார்களே என்று பயந்து மறைக்காதீர்கள். நீங்கள் சொன்னால்தான் உங்களைத் தொட்டுப் பார்க்கும் செவிலியர் முகக்கவசமும் கையுறையும் அணிந்து தம்மைக் காத்துக்கொள்ள முடியும்.