கதிரொளியில் இயங்கும் வாயிற்கதவு

வீட்டு வாயிலில் நகரும் இரும்புக்கதவு பல நூறு கிலோ எடை கொண்டதாக இருக்கலாம். அதனை மின்னோடி இழுக்கும்போது, குறுக்கே நிற்பது வண்டியா, குழந்தையா என்பதைக் கதவு அறியாது. ஆகவே, கதிரொளியில் இயங்கும் தானியங்கிக் கதவை நிறுவுவோர் வசதிக்கு முன்னர்ப் பாதுகாப்பையே எண்ண வேண்டும்.

சூரியத்தகடு, மின்னேற்றக் கட்டுப்படுத்தி, மின்கலம், மின்னோடி ஆகிய நான்கும் இதன் முதன்மை உறுப்புகள். தமிழ்நாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8 முதல் 13 பாகை வரை அமைந்துள்ளது. எனவே, தகட்டைத் தெற்கு நோக்கி, ஏறக்குறைய அவ்வளவு பாகை சாய்த்து, நிழல் படாத இடத்தில் பொருத்துதல் நன்று.

ஒளி படும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருக்கும். அதனால், இணைப்புப் பணி முடியும்வரை அதனைத் தடித்த துணியால் மூடிவைக்க வேண்டும். கட்டுப்படுத்தியோடு முதலில் மின்கலத்தையும் பின்னர்த் தகட்டையும் இணைப்பதே பொதுவான முறை. கழற்றும்போது இவ்வரிசை தலைகீழாகும். 12 வோல்ட்தானே என்று மின்கலத்தை எளிதாக எண்ணுதல் தவறு. அதன் இரு முனைகளையும் ஓர் இரும்புக் கருவி ஒருசேரத் தொட்டுவிட்டால், பாயும் பெருமின்னோட்டம் தீக்காயத்தை உண்டாக்கும். நேர்முனைக்கு அருகில் மின்னுருகி அமைத்தல் இன்றியமையாதது.

அகச்சிவப்பு உணரியைச் சிறு குழந்தையும் கதிரை மறைக்கும் வகையில் தாழ்வாகப் பொருத்த வேண்டும். கதிர் தடைபட்டதும் கதவு நின்று பின்வாங்க வேண்டும். தண்டவாளத்தின் இரு முனைகளிலும் வலுவான தடுப்பு இல்லையெனில், கதவு தடம்விட்டுச் சாய்ந்து உயிரையும் பறிக்கக்கூடும். மின்னேற்றம் தீர்ந்தபோது கதவைக் கையால் திறக்க உதவும் சாவி இருக்குமிடத்தை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மாதம் ஒருமுறை பாதையில் மரக்கட்டையை வைத்துக் கதவை இயக்கிப் பார்த்தல் நல்ல பழக்கமாகும். கட்டைக்கு நிற்காத கதவு குழந்தைக்கும் நிற்காது.