ஆறு தந்த ஆறுதல்

சீனத்தின் சிச்சுவான் மாகாணத் தலைநகராகிய செங்டூவில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். ஆயினும், மக்கள் பூங்காவின் தேநீர்ச்சாலையுள் நுழைவோமாயின், பெருநகரின் பரபரப்பை நாம் காணோம். மூங்கில் நாற்காலிகளிற் சாய்ந்து, மூடியிட்ட கிண்ணங்களில் மல்லிகைத் தேநீர் அருந்தியவாறு பலர் நெடும்பொழுது உரையாடிக்கொண்டிருப்பர். இவ்வமைதி இந்நகருக்கு எங்கிருந்து வந்தது?

விடையறிய, வடமேற்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் சென்று துஜியாங்யானைக் காணல் வேண்டும். முன்னாளில் மின்ஜியாங் ஆறு பெருக்கெடுத்து ஊர்களை அழித்தது. மழை குன்றியபோது வயல்கள் காய்ந்தன. கி.மு. 256ஆம் ஆண்டளவில் ஆளுநர் லீ பிங் ஆற்றை அணையால் மறிக்காது, நடுவே கரையெழுப்பி இரு கூறாக்கினார். பாறையைத் தீயாற் சுட்டு, நீரூற்றிப் பிளந்து, வயல்களுக்கு வழி திறந்தார் என்பர். மிகுநீர் தானே வழிந்தோடவும் இடம் வைத்தார். அவ்வமைப்பு இன்றும் பயன் தருகின்றது. செங்டூச் சமவெளி வளங்கொழிக்க அதுவே காரணம்.

அதே ஆறு தெற்கே லெஷானில் வேறிரு ஆறுகளோடு கூடுமிடத்தில் ஓடங்களைக் கவிழ்த்து வந்தது. அதன் சீற்றம் தணியும்பொருட்டு, ஹைத்தொங் என்னும் துறவி கி.பி. 713இல் மலைமுகத்திற் புத்தர் சிலை செதுக்கத் தொடங்கினார். அவர் மறைந்த பின்னரும் பணி தொடர்ந்து, 803இல் நிறைவுற்றது. சிலையின் உயரம் 71 மீற்றர்.

ஆற்றைப் பிரித்தவர் ஒருவர்; நூற்றாண்டுகளாகத் தூர்வாரிக் காத்தவர் பல்லாயிரவர். தேநீர்க் கிண்ணத்தின் முன் நாம் அமரும்போது, அவர்தம் உழைப்பின் நிழலிலேயே அமர்கின்றோம்.