வளர்ச்சியின் பலன்: 2 பேதுரு 1:3-11 பற்றிய ஓர் ஆய்வு

மனந்திரும்பிய நாளைப் பற்றி நம் சபைகளில் சாட்சி கூறுவோர் பலர். அதன்பின் கடந்த நீண்ட ஆண்டுகளைப் பற்றிக் கூறுவோர் சிலரே. இரட்சிக்கப்பட்ட நாளையும் இடத்தையும் தயக்கமின்றிச் சொல்லும் விசுவாசி, அந்நாள்முதல் எதில் வளர்ந்தீர் என வினவினால் மௌனமாகிறார். ஆயர்களாகிய நாமும் பலவேளை அவ்வாறே மௌனமாகிறோம். ஆவிக்குரிய வளர்ச்சியினால் வரும் பலன் யாது? அப்பலனைப் பற்றிப் பேசுவது, கிருபையினாலேயே இரட்சிப்பு என்று போதிக்கும் சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்குத் தகுமா? இவ்விரு வினாக்களுக்கும் பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் தொடக்கப் பகுதி விடை தருகிறது. இந்நிருபத்தின் ஆசிரியரைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டெனினும், அதன் போதனையைத் திருச்சபை ஏற்றுப் போற்றி வந்துள்ளது.

முதலாவது, இப்பகுதியின் ஒழுங்கைக் கவனிப்போம். வாழ்வுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவும் முன்னரே நமக்கு அருளப்பட்டுள்ளன என்று 3ஆம் வசனம் கூறுகிறது. 5ஆம் வசனத்தில்தான் நம் முயற்சி கேட்கப்படுகிறது. விசுவாசத்தில் தொடங்கி அன்பில் நிறைவுறும் எட்டுப் பண்புகள் அங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன. கிரேக்க மூலம் ஒரு பண்பிற்குள் மற்றொரு பண்பை வழங்குமாறு கூறுகிறது. ஆகவே இவை செங்கல்லின்மேல் செங்கல்லாக அடுக்கப்படுபவை அல்ல. முளையிலிருந்து கதிரும் கதிரில் மணியும் தோன்றுவதுபோல (மாற்கு 4:28) ஒன்றிலிருந்து ஒன்று விளைபவை. விளைச்சலுக்குக் காலம் வேண்டும். காத்திருக்க மனமில்லாதவன் அறுவடையைக் காண்பதில்லை.

இரண்டாவது, பலன்களைக் காண்போம். 8ஆம் வசனத்தின்படி, வளருகிறவர்கள் வீணராயும் கனியற்றவராயும் இருப்பதில்லை. வீணர் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லே, கடைத்தெருவில் வேலையின்றி நின்றவர்களுக்கும் மத்தேயு 20:3இல் வழங்குகிறது. வளருகிறவன் தேவனுடைய வேலைக்கு உதவுகிறவனாகிறான். 9ஆம் வசனம் வளராதவனின் நிலையைக் காட்டுகிறது: அவன் அருகிலுள்ளதை மட்டுமே காண்கிறான், தான் மன்னிக்கப்பட்டதையும் மறந்துவிடுகிறான். அங்ஙனமாயின், தெளிந்த பார்வையும் நன்றி மறவா நினைவும் வளர்ச்சியின் பலன்களே. 10ஆம் வசனம் இடறிவிழாத உறுதியை வாக்களிக்கிறது. சேவல் கூவிய இரவில் இடறியவரின் பெயரைத் தாங்கிய நிருபத்தில் இவ்வாக்கு இருப்பது நமக்கு மிகுந்த ஆறுதலாகும்.

மூன்றாவது, இறுதிப் பலன். 11ஆம் வசனம் நித்திய ராஜ்யத்திற்குள் பிரவேசிப்பதைப் பற்றிப் பேசுகிறது. 5ஆம் வசனத்தில் வழங்குங்கள் என்பதற்கும், 11ஆம் வசனத்தில் அளிக்கப்படும் என்பதற்கும் மூலத்தில் உள்ளது ஒரே வினைச்சொல்தான். இச்சொல் பண்டைய ஏதென்ஸ் நகர வழக்கிலிருந்து பிறந்தது. அங்கே நாடக விழாக்களின்போது பாடற்குழுவின் பயிற்சிக்கும் உடைக்கும் ஆகும் செலவைச் செல்வர் ஒருவர் ஏற்பார். கஞ்சத்தனமின்றி அள்ளி வழங்கும் புரவலரின் செயலை இச்சொல் நினைவூட்டுகிறது. இங்கேதான் நம் இரண்டாம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. நாம் தாராளமாய் முயல வேண்டும். ஆயினும் முடிவில் தாராளமாய் வழங்குகிறவர் தேவனே. அவர் தருவது கூலியன்று. 3ஆம் வசனத்தில் கொடுக்கத் தொடங்கிய கரமே 11ஆம் வசனத்திலும் கொடுக்கிறது. நம் முயற்சி அவ்விரு கொடைகளுக்கும் இடையே நிகழ்கிறது.

ஆகவே வளர்ச்சியை உணர்ச்சிப் பெருக்கால் அளவிடலாகாது. பெருங்கூட்டங்களில் எழும் எழுச்சி நல்லதே. ஆயினும் அது வீட்டு வாசலைக் கடந்து உள்ளே வருகிறதா என்பதே கேள்வி. சென்ற ஆண்டில் நம்மைச் சினங்கொள்ளச் செய்த சொல்லை இவ்வாண்டில் பொறுத்துக்கொள்கிறோமா? பேச்சற்றுப் போன உறவினரோடு சமாதானம் தேடினோமா? நாள்தோறும் ஜெபத்திலும் திருமறையிலும் நிலைத்திருப்பவர் இத்தகைய சிறு மாற்றங்களைத் தாமே உணராமற் போகலாம். அவரோடு வாழ்பவர் உணர்வர். வளருங்கள் என்னும் கட்டளையோடும் தேவனுக்கு மகிமை செலுத்துதலோடும் இந்நிருபம் முடிவடைகிறது. வளர்ச்சியின் மகிமையும் அவருடையதே என அறிந்து, இன்றைய நாளுக்குரிய அளவேனும் நாம் வளருவோமாக.