அசாயிப் பழத்தின் நிறமிகள்: உடலில் சேர்வது எவ்வளவு?

அமேசான் ஆறு கடலில் கலக்கும் சதுப்பு நிலங்களில் குத்துக்குத்தாக வளரும் மெலிந்த பனை வகை அசாயி. பிரேசிலின் பாரா மாநிலத்தில் இது அன்றாட உணவு. 20 மீட்டருக்கு மேலும் வளரும் மரத்தில், நம் பனையேறிகளின் தளைநார் போன்ற ஓலை வளையத்தைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறிக் குலையை அறுக்கிறார்கள். கருநாவல் நிறமுள்ள பழம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே பெரியது. அதிலும் பெரும்பகுதி கொட்டைதான். அதன்மேல் படலமாகப் படிந்த சதையே உணவு. பறித்த பழம் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், பெலேம் நகரக் கடைகளில் அன்றன்றைக்கே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் தேய்த்துக் கூழாக்குகிறார்கள். மரவள்ளி மாவும் பொரித்த மீனும் அதற்குத் துணை.

கூழின் கருஞ்சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் நிறமிகள். நாவற்பழம் தின்றவர் நாக்கில் கறை படிவதும் இதே குடும்பத்து நிறமிகளால்தான். அசாயியில் முதன்மையானவை சயனிடின்-3-குளுக்கோசைடு, சயனிடின்-3-ருட்டினோசைடு என்ற இரண்டு. செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளுக்குத் தம் எலக்ட்ரானைக் கொடுத்து அவற்றை அடக்கும் திறன் இவற்றுக்கு உண்டு. அதனால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற பெயர்.

ஆனால் அந்தத் திறனைப் பெரும்பாலும் அளந்தது சோதனைக் குழாயில். அந்த எண்களைக் காட்டியே அசாயித் தூளும் சாறும் உலகெங்கும் விற்கப்பட்டன. அத்தகைய மதிப்புகள் உடலில் நடப்பதைக் காட்டுவதில்லை என்று சொல்லி, அமெரிக்க வேளாண்மைத் துறை அவற்றைத் தொகுத்திருந்த தன் உணவுப் பட்டியலை 2012இல் விலக்கிக்கொண்டது. அது சரியான முடிவு. பழத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, உடலில் எவ்வளவு சேர்கிறது என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு 2008இல் வெளியான ஓர் ஆய்வு விடை தேடியது. நலமான 12 பேருக்கு அசாயிக் கூழும் சாறும் கொடுத்து இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் நிறமி உச்சத்தைத் தொட்டது. உறிஞ்சப்படுவது உறுதியானது, ஆனால் உச்ச அளவே லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான்.

இரைப்பையின் அமிலத்தில் ஆந்தோசயனின் சிதையாமல் நிற்கும். அமிலம் தணிந்த சிறுகுடலில் அது நிலைகுலைகிறது. எஞ்சியது பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்துப் புரோட்டோகேட்டிச்சுவிக் அமிலம் முதலிய சிறு பீனாலிக் அமிலங்களாக்குகின்றன. 2013இல் வெளியான ஆய்வில், கார்பன்-13 அடையாளமிட்ட தூய சயனிடின்-3-குளுக்கோசைடை எட்டு ஆண்களுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறிய கார்பனைக் கூட்டிப் பார்த்தபோது, உட்கொண்டதில் ஏறக்குறைய 12 விழுக்காடு உடலுக்குள் சேர்ந்திருந்தது தெரிந்தது. நிறமி தன் உருவிலேயே இரத்தத்தில் இருந்தது மிகக் கொஞ்சம். அதன் சிதைபொருள்களோ 48 மணி நேரம் வரை இரத்தத்தில் தென்பட்டன.