வாசற்புறத்து வனம்

குயிலையும் மயிலையும் பாடாத புலவர் தமிழில் அரியர். ஆயினும், அக்குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுவதைக் காத்திருந்து கண்டு, கண்டதைக் கண்டவாறே உரைநடையில் எழுதியோர் எத்தனை பேர்? அச்சிலருள் முதல்வராக நான் மதிப்பவர் மா. கிருஷ்ணன்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான இவர் 1912 ஆம் ஆண்டு பிறந்தார். சட்டம் பயின்றவர், சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். பின்னர் சென்னைக்கு மீண்டு, எழுத்தையும் கமராவையும் மாத்திரமே நம்பி வாழ்ந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புகள், 1996 இல் அவர் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் நின்றிலது தொடர்ந்தன. தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாய் இன்று நம் கைக்கு எட்டுகின்றன. 1960 இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

அவருடைய பெருமை விருதில் இல்லை, பார்வையில் இருக்கிறது. யானைக்குக் கொடுத்த அதே கவனத்தை அணிலுக்கும் காகத்துக்கும் கொடுத்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். இம்மண்ணுக்குரிய மரங்களை விடுத்து அந்நிய மரங்களை நடுவதைக் கண்டித்தார். விலங்கைத் தெய்வமாக்கவும் இல்லை, அரக்கனாக்கவும் இல்லை.

இக்கட்டுரைகளை நான் சொறிக்கல்முனையில் இருந்து படிக்கிறேன். கதிர் முற்றும் காலத்தில் இங்கு பரண்களில் உறக்கமில்லை. ஓர் இரவு, காவலிருந்த சம்மாந்துறைக் காக்கா ஒருவரிடம் கிருஷ்ணனின் யானைகளைப் பற்றிச் சொன்னேன். “எல்லாம் சரி தம்பி, அவருக்கு இந்த வட்டையில் ரெண்டு ஏக்கர் இருந்திருந்தா அப்படி எழுதியிருப்பாரா?” என்றார்.

நியாயமான வினா. ஓர் இரவில் ஒரு போகத்து உழைப்பு மிதிபட்டுப் போவதைக் கண்டவருக்கே அவ்வினாவின் கனம் தெரியும். ஆனால் யானை ஏன் வருகிறது? 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. காடாயிருந்த நிலத்தில் ஒரு பகுதி சேனாநாயக்க சமுத்திரத்தின் நீருள் ஆழ்ந்தது. ஒரு பகுதி கழனியாயிற்று. நமக்குச் சோறு தந்த அதே திட்டம் யானையின் பழைய வழிகளை மறித்தது. 1954 இல் தேசிய வனம் அமைந்தும், எல்லைக்கோட்டை யானை அறியுமா? வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு வேண்டும். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனித உயிர்களும் போயின. சினத்தால் இக்கணக்குத் தீராது, பரிதாபத்தாலும் தீராது. எந்த வழியாய், எந்த மாதத்தில், எதைத் தேடி யானை வருகிறது என்னும் அறிவே வேலிக்கும் முன்னதாக வேண்டுவது.

காக்காவிடம் அதையே சொன்னேன். அவர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, மூன்று ஆண்டுகளாக யானைகள் எந்த வாய்க்காலோரம் இறங்கின, எந்தப் போகத்தில் வராதிருந்தன என்று விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார். எழுதப்படாத ஒரு நூல் அவரிடம் இருந்தது.

இத்தகைய நூல்கள் நம் ஊர்தோறும் உள்ளன. முதியவர் ஒவ்வொருவராய் மறைய, அவையும் மறைகின்றன. ஆசிரியர்களே, மாணவர் கையில் ஒரு கொப்பியைக் கொடுங்கள். வீட்டு முற்றத்துக்கு வரும் பறவையின் பெயரையும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். கிருஷ்ணனுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.