தொலைவிலிருந்து கூடும் கூட்டங்கள்: அங்கத்தினர் அறிய வேண்டிய சில சொற்கள்

ஓரிடத்தில் கூடாமல், அவரவர் ஊரில் இருந்தபடியே இணையத்தின் வழியாகக் கூடி ஆலோசிக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. நூல் விலையும் விளைபொருளின் கொள்முதல் விலையும் இவ்வாறு பேசப்படும்போது, கோடியில் உள்ள கிராமத்து அங்கத்தினரின் குரல் எட்டவில்லையெனில், அவர் வந்தும் வராதவரே ஆவார். “கருவி சரியில்லை” என்பதோடு நில்லாது, இன்ன குறை என்று எடுத்துரைக்க வல்லவராயின், அக்குறை விரைவில் தீரும். ஆதலின், இத்துறையில் வழங்கும் சில சொற்களை ஈண்டு விளக்குவோம்.

பாக்கெட்

பேச்சு இணையத்தில் ஒரே தொடராகச் செல்வதில்லை. பொதுவாக ஒரு வினாடிப் பேச்சு 50 துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சேருமிடத்தின் முகவரி பொறித்து அனுப்பப்படுகிறது. அத்துண்டே பாக்கெட், அம்முகவரியே ஐ.பி. முகவரி. அவற்றை உரிய வழியில் செலுத்தும் கருவி ரூட்டர். பாக்கெட்டுகள் வழியில் தொலைந்தால் சொற்கள் அறுந்து அறுந்து கேட்கும்.

பேண்ட்விட்த்

ஓர் இணைப்பின் வழியே ஒரு வினாடியில் செல்லத்தக்க செய்தியின் அளவு இது. ஒலியை எண்களாக மாற்றி, மீண்டும் ஒலியாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 1972-இல் வகுக்கப்பட்ட ஜி.711 என்னும் கோடெக்கில் ஒரு குரலுக்கு வினாடிக்கு 64 கிலோபிட் வேண்டும். முகவரி முதலியன சேர்ந்தால் ஏறத்தாழ 80 ஆகும். முகங்காட்டும் படத்திற்கோ இதனினும் பன்மடங்கு வேண்டும். ஆதலின், இணைப்பு நலிந்த ஊரில் படத்தை நிறுத்திக் குரலைக் காப்பதே தக்கது.

தாமதமும் ஜிட்டரும்

ஒருவர் பேசியது மற்றவரை அடையும் நேரமே தாமதம். அது ஒரு வினாடியின் ஆயிரத்தில் 150 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று எனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. மிகுந்தால், இருவர் ஒருங்கே பேசத் தொடங்கி இருவரும் நிறுத்துவர். பாக்கெட்டுகள் சீரான இடைவெளியின்றி வந்து சேர்வது ஜிட்டர். பாவிழைகள் ஒரே இழுப்பில் இல்லாவிடில் துணி கெடுவது போல, இதனால் பேச்சு கெடும். வைஃபையை விடுத்துக் கம்பி வழியே இணைத்தால் இக்குறை பெரிதும் குறையும்.

எதிரொலி

ஒலிபெருக்கியில் வரும் வெளியூர்க் குரலை மைக் மீண்டும் பிடித்து அனுப்புவதால் இது நேர்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: நமக்கு எதிரொலி கேட்டால், குறை பெரும்பாலும் எதிர்முனையிலேயே இருக்கும். அங்குள்ளோர் ஒலிபெருக்கியைத் தணித்தல் வேண்டும். ஒரே அறையில் இரு கைபேசிகளை ஒருங்கே இயக்குதலும் ஆகாது.

டூப்ளெக்ஸ்

இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் இடந்தருவது முழு டூப்ளெக்ஸ். ஒரு சமயம் ஒரு பக்கத்தை மட்டும் அனுமதிப்பது அரை டூப்ளெக்ஸ். பின்னதில், தலைவர் ஓயாது பேசினால், வெளியூர் அங்கத்தினரின் ஆட்சேபம் சபைக்கு எட்டவே எட்டாது.

எனவே, காரியதரிசிகளுக்கு நாம் கூறுவது இதுவே. ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசித்தபின் சற்று நிறுத்துங்கள். ஊர் ஊராகப் பெயர் சொல்லி அழைத்துக் கருத்தைக் கேளுங்கள். விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் பதியுங்கள். மௌனம் சம்மதம் என்பது இங்கே பொருந்தாது. குரலை அடைக்கும் மியூட் பொத்தான் அழுந்தியிருக்கலாம், அல்லது இணைப்பே அறுந்திருக்கலாம். அறுந்த ஊர் மீண்டும் சேரும்வரை பொறுத்திருப்பது காலவிரயம் அன்று, அதுவே கூட்டுறவு.